குழந்தைக்கும் வீட்டுக்கும் ஒரே காலத்தில் திட்டமிடுவது எப்படி? சூழலுக்கு இசைந்த வீடு கட்ட விரும்பும் தம்பதிகளுக்கான முழுமையான வழிகாட்டி

திருமணமாகிச் சில ஆண்டுகள் கடந்த தம்பதியைப் பார்த்து உறவினர்கள் “விசேஷம் ஏதாவது உண்டா?” என்று கேட்கும்போது, “வீட்டு வேலை முடியட்டும் என்றிருக்கிறோம்” என்ற பதில் பெரும் பாதுகாப்பாக இருக்கிறது. கேட்டவரும் மேற்கொண்டு துருவுவதில்லை. ஆனால் ஊராருக்காகச் சொன்ன அந்தப் பதிலே நாளடைவில் தம்பதியின் உண்மையான திட்டமாகிவிடுவதும், ஒன்றரை ஆண்டில் முடியும் என்று நினைத்த கட்டுமானம் மூன்று ஆண்டுகளாக நீளும்போது குழந்தைக்கான முயற்சியும் அதனோடு சேர்ந்து தள்ளிப்போவதும் நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கின்றன. வீட்டு வேலையை இடையில் நிறுத்தலாம், பகுதி பகுதியாகச் செய்யலாம், பணம் சேர்ந்த பிறகு தொடரலாம். கருமுட்டையின் வயதை அப்படி நிறுத்திவைக்க இயலாது. ஆகவே கருத்தரிப்பின் காலக்கணக்கை முதலில் வைத்துக்கொண்டு, வீட்டின் வேலைகளை அதற்கேற்ப அடுக்குவது எப்படி என்பதையே இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம். தமிழ்நாட்டில் சொந்தமாக ஒரு மனையோ பழைய பூர்வீக வீடோ வைத்துக்கொண்டு, இப்போதைக்கு வாடகைக்குக் குடியிருக்கும் தம்பதிகளை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது.

முதல் படி: இரண்டு காலக்கணக்குகளையும் ஒரே தாளில் எழுதுதல்

ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அனைத்தும் அவர் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. அதன் பிறகு அவற்றின் எண்ணிக்கையும் தரமும் குறைந்துகொண்டே வருகின்றன. முப்பதுகளின் நடுப்பகுதிக்குப் பின் அந்தக் குறைவு வேகமெடுக்கிறது. இதனால்தான் மனைவியின் வயது 35-க்குக் கீழ் இருந்தால் 12 மாதங்கள், 35-ஐக் கடந்திருந்தால் 6 மாதங்கள் முயன்றும் கருத்தரிக்காதபோது பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்றும், 40-ஐக் கடந்திருந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லப்படுகிறது. மாதவிடாய் ஒழுங்கற்று வருபவர்களும், கருப்பையின் உள்படலத் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களும், முன்பு காசநோய்க்கோ இடுப்புப் பகுதித் தொற்றுக்கோ சிகிச்சை பெற்றவர்களும் எந்த வயதிலும் இந்தக் காலக்கெடுவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

தாளின் ஒரு பக்கம் இந்தக் கெடுக்களை எழுதுங்கள். மறுபக்கம் வீட்டின் கட்டங்களை எழுதுங்கள்: வரைபடம், அனுமதி, அஸ்திவாரம், சுவர், தளம், பூச்சு, மின்வேலை, மரவேலை, வண்ணம். ஆண்டில் எட்டே வாஸ்து நாள்கள், மார்கழியில் எதுவும் தொடங்குவதில்லை, மழைக்காலத்தில் அஸ்திவாரக் குழியில் நீர் நிற்கும் என்பதையெல்லாம் சேர்த்தால் இந்தப் பக்கம் தானாகவே நீளும். மனைவிக்கு 26 வயதென்றால் எதை முதலில் தொடங்குவது என்பது உங்கள் விருப்பம். முப்பதுகளின் தொடக்கத்தைத் தாண்டிவிட்டால், வீடு முடியும் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: முயற்சிக்கு முன்பே மருத்துவரைச் சந்தித்தல்

மனைக்கு மண் பரிசோதனை செய்யாமல் அஸ்திவாரம் தோண்ட மாட்டோம் என்று பெருமையாகச் சொல்பவர்கள்கூட, கருத்தரிக்கும் முன் ஒரு முறை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பதில்லை. தைராய்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ஹீமோகுளோபின், இரத்த வகை, ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மைக்கான எதிர்ப்பாற்றல், தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயைக் கடத்தும் நிலை ஆகியவற்றை ஒரே இரத்த மாதிரியில் பார்த்துவிடலாம். ருபெல்லா தடுப்பூசி போட வேண்டியிருந்தால், அதன் பின் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதைக் கர்ப்பத்துக்கு முன்பே சரிசெய்வது எளிது. வலிப்பு, இரத்த அழுத்தம், முகப்பரு போன்றவற்றுக்காக எடுக்கும் சில மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடியவை என்பதால், எந்த மருந்தையும் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள், குடும்பத்தில் பரம்பரை நோய் எதுவும் இருந்தால், மரபணு ஆலோசனையையும் கேட்டுப் பெறலாம்.

ஃபோலிக் அமிலம் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் என்ற அளவில், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கப்பட வேண்டும். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய் கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. மாதவிடாய் தள்ளிப்போனதைக் கவனித்து, உறுதிசெய்து, மாத்திரை வாங்குவதற்குள் அந்தக் காலம் ஏறத்தாழ முடிந்துவிடும்.

கணவரின் பரிசோதனை பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது, அது தவறு. விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகின்றன. இன்று புகையிலையை நிறுத்தினால் அதன் பலன் மூன்று மாதங்கள் கழித்தே தெரியும். எனவே அஸ்திவாரம் போடும் காலத்திலேயே இந்த மாற்றங்களைத் தொடங்கிவிட வேண்டும்.

மூன்றாம் படி: கருத்தரிப்பு நாள்களைக் கட்டுமானப் பயணங்களிலிருந்து காத்தல்

கருமுட்டை வெளியான பின் 12 முதல் 24 மணி நேரமே உயிரோடு இருக்கிறது. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள்கள் வரை உயிர்வாழக்கூடும். ஆகவே கருமுட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாள்களும்தான் மாதத்தில் கருத்தரிக்க வாய்ப்புள்ள காலம். அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள்களுக்கு முன்பு கருமுட்டை வெளியாவதால், 28 நாள் சுழற்சியில் அது 14-ஆம் நாளை ஒட்டியும், 32 நாள் சுழற்சியில் 18-ஆம் நாளை ஒட்டியும் வரும். அந்தக் காலத்தில் ஒன்றுவிட்ட ஒரு நாள் சேர்ந்திருந்தால் போதுமானது.

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு சொந்த ஊரில் வீடு கட்டுபவர்களுக்கு இந்த எளிய கணக்கே சிக்கலாகிவிடுகிறது. வெள்ளிக்கிழமை இரவு பேருந்து ஏறி, இரண்டு நாள் மேஸ்திரியோடு நின்று, திங்கள் காலையில் களைத்துத் திரும்பும் கணவருக்கு மாதத்தில் எஞ்சுவது வார நாள்கள் மட்டுமே; அவற்றில் ஒருவருக்கு இரவுப் பணி இருந்தால் அந்த மாதமே கைநழுவிவிடும். பின்னர், “ஒரு வருடமாக முயல்கிறோம்” என்று மருத்துவரிடம் சொல்லும்போது, உண்மையில் முயன்ற மாதங்கள் அதில் பாதிகூட இருக்காது. தளம் போடும் நாள் போன்ற தவிர்க்க முடியாத நாள்களை முன்கூட்டியே மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு, மற்ற மேற்பார்வையை நம்பிக்கையான உறவினரிடமோ ஊதியம் பெறும் பொறியாளரிடமோ ஒப்படைப்பது நல்லது.

நான்காம் படி: பணத்தை மூன்றாகப் பிரித்தல்

வீட்டுக்கடன் கட்டம் கட்டமாகவே வழங்கப்படுவதால், கட்டி முடிக்கும் வரை வாங்கிய தொகைக்கான வட்டியும் வாடகையும் ஒரே நேரத்தில் கையைக் கடிக்கும். அந்தக் காலத்திலேயே கர்ப்பமும் வந்து, படுக்கை ஓய்வு தேவைப்பட்டாலோ ஊதியமில்லா விடுப்பு எடுக்க நேர்ந்தாலோ ஒரு சம்பளம் நின்றுவிடும். ஆகவே மாதத் தவணையை ஒரே சம்பளத்தில் கட்ட முடிகிற அளவுக்கு மட்டுமே கடன் வாங்குங்கள். கையிருப்பில் ஒரு பகுதியை வீட்டுக்கும், ஒரு பகுதியை மகப்பேற்றுக்கும், ஒரு பகுதியைச் சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கும் எனத் தனித்தனிக் கணக்குகளில் வையுங்கள். சோதனைக்குழாய் முறைச் சிகிச்சை ஒரு சுற்றுக்கே லட்சக்கணக்கில் செலவாகும். தனிநபர் காப்பீட்டுத் திட்டங்கள் பலவற்றில் மகப்பேற்றுச் செலவுக்குச் சில ஆண்டுகள் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால், பாலிசியை இப்போதே எடுத்துப் படித்துவிடுவதும் அவசியம்.

இந்தக் கட்டுப்பாடு வீட்டைச் சிறிதாக்கும். சூழலுக்கு இசைந்த வீட்டின் முதல் இலக்கணமும் அதுதான். இரண்டாயிரம் சதுர அடியில் சூரியத் தகடுகளோடு கட்டும் வீட்டைவிட, எண்ணூறு சதுர அடியில் பின்னர் மாடி எழுப்பத் தக்க அஸ்திவாரத்தோடு கட்டும் வீடு குறைவான சிமென்டையும் கம்பியையும் எடுத்துக்கொள்ளும். வரைபடத்தில் எந்த அறைக்கும் “குழந்தை அறை” என்று பெயர் எழுத வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தை முதல் ஆறு மாதங்களாவது பெற்றோரின் அறையில் உறங்குவதே பாதுகாப்பானது. நம் வீடுகளில் அது அதற்குப் பிறகும் நெடுங்காலம் தாயின் பக்கத்திலேயே உறங்கும். கருத்தரிப்பு தாமதமாகும் தம்பதிக்கோ, அந்தப் பெயரெழுதிய காலி அறையைத் தினமும் கடந்து செல்வது தேவையற்ற வேதனை.

ஐந்தாம் படி: மண்ணையும் நீரையும் பரிசோதித்தல்

பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்ப்பதைப் போலவே ஆழ்துளைக் கிணற்று நீரையும் பரிசோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் செய்துகொள்ளலாம். இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டரில் நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாதபோது 1.5 வரை ஏற்கப்படுகிறது. தருமபுரி, சேலம், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் ஃபுளோரைடு பழைய பிரச்சினை. நைட்ரேட் உரமிட்ட வயல்களிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்தும் வருவது. அதிக நைட்ரேட் உள்ள நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாயக்கூடும். கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது, நீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

மழைநீரே இதற்கு நல்ல மாற்று. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றாலும், பலரும் அனுமதிக்காக ஒரு குழாயைக் காட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் பெய்யும் சென்னையில் நூறு சதுர மீட்டர் மாடியில், வழியில் வீணாவதைக் கழித்தாலும் ஏறத்தாழ 1,10,000 லிட்டர் கிடைக்கும். தொட்டியின் மூடி கொசு புகாதபடியும், குழந்தையால் திறக்க முடியாதபடி பூட்டுடனும் இருக்க வேண்டும். தரைமட்ட சம்ப்பின் தகர மூடியை நம்பவே வேண்டாம்.

ஆறாம் படி: வீட்டின் உடலைத் தேர்ந்தெடுத்தல்

உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருவதாகக் கணக்கிடப்படுகிறது. அதனால் குறைக்க வேண்டியவற்றில் சிமென்டே முதலில் நிற்கிறது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய இரண்டு முறைகள் நம் ஊர் வெயிலுக்கு மிகவும் பொருந்துவன. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் காற்று இடைவெளி விட்டு எழுப்பும் எலிப்பொறிக் கட்டுச் சுவர் ஏறத்தாழ கால் பங்கு செங்கல்லை மிச்சப்படுத்துவதோடு வெப்பத்தையும் தடுக்கிறது. தளத்தில் கான்கிரீட் பயனின்றிச் சுமையாக மட்டும் இருக்கும் கீழ்ப்பகுதியில் பழைய ஓடுகளை வைத்துப் போடும் ஃபில்லர் ஸ்லாப் சிமென்டைக் குறைக்கிறது. இரண்டும் எல்லாக் கொத்தனார்களுக்கும் கைவந்தவை அல்ல. முன்பு கட்டிய ஒரு வீட்டையாவது நேரில் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

மனையில் செம்மண் இருந்தால், ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் பல ஆண்டுகளாகப் பயிற்சியளித்துவரும் அழுத்திய மண்கல் முறையைக் கருதலாம். அதில் ஏறத்தாழ 5 விழுக்காடு சிமென்ட் மட்டுமே சேர்கிறது, சூளையும் தேவையில்லை. கரிசல் மண் அதற்கு ஒத்துவராது. நம் நிலநேர்க்கோட்டில் வெயில் பெரும்பாலும் தலைக்கு மேலிருந்தும் மேற்கிலிருந்துமே வீட்டைச் சுடுவதால், மொட்டைமாடியில் வெண்ணிறத் தட்டோடோ சுண்ணாம்புப் பூச்சோ இடுவதும், மேற்குச் சுவரில் சன்னல்களைக் குறைத்து அந்தப் பக்கம் குளியலறை, படிக்கட்டு ஆகியவற்றை வைப்பதும் குளிர்சாதனச் செலவை வெகுவாகக் குறைக்கும். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் சித்திரை வெயில் எவ்வளவு கடுமை என்பதைத் தகரக் கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். கூரைச் சூரியத் தகடுகளுக்கு 2024-இல் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் அறிவிக்கப்பட்டது. இதை வீடு முடிந்த பின்னும் செய்யலாம், அவசரமில்லை.

பூர்வீக வீடு இருப்பவர்கள் இடித்துக் கட்டும் முன் ஒரு முறை யோசிக்க வேண்டும். ஏற்கெனவே நிற்கும் சுவரைவிடச் சிக்கனமான சுவர் கிடையாது. முற்றமும் திண்ணையும் தரும் காற்றோட்டத்தைப் புதிதாக விலைக்கு வாங்குவதும் கடினம். ஆனால் கருத்தரிக்க முயல்பவர்களுக்குப் பழைய வீட்டில்தான் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

ஏழாம் படி: தூசி, புகை, நச்சு ஆகியவற்றிலிருந்து விலகியிருத்தல்

அந்த ஆபத்து ஈயம். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவை பத்து லட்சத்தில் 90 பங்காகக் கட்டுப்படுத்தும் விதி 2016-இல் வெளியாகி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கதவு, சன்னல், கம்பிகளில் அடிக்கப்பட்ட எனாமல் பூச்சுகளில் ஈயம் இருந்திருக்கலாம் என்றே கருத வேண்டும். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கும்போதும் சுடர் காட்டி உரிக்கும்போதும் எழும் தூசியும் புகையும் மூச்சோடு உள்ளே போகின்றன. உடலில் சேர்ந்த ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, கர்ப்ப காலத்தில் சுண்ணாம்புச் சத்துக்காக எலும்பு கரையும்போது மீண்டும் இரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடைகிறது. ஆகவே பழைய பூச்சை உரிக்கும் வேலை நடக்கையில், கர்ப்பமாக இல்லாவிட்டாலும், மனைவி அந்த வீட்டில் இருக்க வேண்டாம். ஈயம் விந்தணுக்களையும் பாதிக்கும் என்பதால் கணவரும் விலகியே இருக்க வேண்டும். நனைத்துத் தேய்ப்பதும், துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும் தொழிலாளர்களுக்கும் பாதுகாப்பு. அவர்களில் சித்தாளாக வரும் பெண்களும் கருத்தரிக்கும் வயதினரே என்பதை வீட்டுக்காரர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

புதிய கட்டடத்தில் கவனிக்க வேண்டியவை வேறு. அஸ்திவாரக் குழியிலும் பேஸ்மென்ட் நிரப்புமுன்பும் ஊற்றும் கரையான் மருந்து ஒரு பூச்சிக்கொல்லி. அன்றும் அடுத்த சில நாள்களும் மனைப்பக்கம் போகாதீர்கள். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரைத் தகடுகளைக் கார் நிறுத்தத்துக்குக்கூட வாங்க வேண்டாம். ப்ளைவுட்டின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு நெடுநாள் கசியும், வெப்பத்தில் அது கூடும். குறைந்த கசிவுத் தரமுள்ள பலகையைக் கேட்டு வாங்கலாம், அல்லது சமையலறை அலமாரிகளுக்குக் கடப்பா கல்லையே பயன்படுத்தலாம். நம் தாத்தா வீடுகளில் இருந்த அந்தக் கறுப்புத் தட்டுகள் எதையும் கசியவிடுவதில்லை, கரையானும் அரிப்பதில்லை. தின்னர் கலந்த வார்னிஷையும் எனாமலையும் முடிந்தவரை தவிர்த்து, சுவருக்குச் சுண்ணாம்பையோ நீர் சார்ந்த வண்ணத்தையோ தேர்ந்தெடுங்கள்.

மனைவி கர்ப்பமாக இருக்கும்போது வீடு கட்டத் தொடங்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதைச் சிலர் மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறார்கள். கைப்பிடியில்லாத படிக்கட்டு, ஆணி சிதறிய சென்ட்ரிங் பலகை, நண்பகல் வெயில், சிமென்ட் தூசி, கடன் கவலை ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால், காரணம் எதுவாயினும் அந்த விலக்கு கர்ப்பிணிக்கு நன்மையே செய்திருக்கிறது. ஏற்கெனவே தொடங்கிய வேலையை நிறுத்த வேண்டியதில்லை; கர்ப்பிணி அங்கே போகாமலிருந்தால் போதும்.

எட்டாம் படி: தாமதமானால் செய்ய வேண்டியவை

முதல் படியில் எழுதிய கெடு வந்துவிட்டால், வீடு எந்த நிலையில் இருந்தாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடக்கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தைப்பேறு தாமதத்தைச் சந்திக்கிறார். ஏறத்தாழ பாதித் தம்பதிகளில் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளியது, விலை குறைந்தது, வலியற்றது. கருத்தரிக்காததற்கு வீட்டின் ஈசானிய மூலையைக் காரணம் காட்டிக் கழிப்பறையை இடித்து இடம் மாற்றச் சொல்பவர்கள் வருவார்கள். சுத்தியலை எடுக்கும் முன் அந்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். மனைவிக்குக் கருமுட்டை வெளியாகிறதா, கருக்குழாய் திறந்திருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்த பிறகே சிகிச்சை முடிவாகும். சோதனைக்குழாய் முறை வரை செல்ல நேர்ந்தால், 2021-ஆம் ஆண்டு இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டப்படி பதிவுபெற்ற மையம்தானா என்று சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. அச்சட்டம் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என வயது வரம்பும் விதித்திருக்கிறது.

உறுதியான கர்ப்பங்களிலும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துவிடுகின்றன. பெரும்பாலும் குரோமோசோம் பிழையே காரணம், மாடிப்படி ஏறியதோ மனைக்குப் போய்வந்ததோ அல்ல. அப்படி நேர்ந்தால் சில வாரங்கள் கட்டுமான முடிவுகளை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். டைல்ஸ் நிறம் தேர்ந்தெடுக்கும் மனநிலை அப்போது யாருக்கும் இருக்காது.

ஒன்பதாம் படி: இறுதி வேலைகளைப் பிரசவத்தோடு இணைத்தல்

கர்ப்பம் உறுதியானதும் 12 வாரங்களுக்குள் அரசின் கர்ப்பப் பதிவுத் தளமான பிக்மியில் (PICME) பதிவு எண்ணைப் பெற்றுவிடுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றுக்கும், தகுதியுள்ளோருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவிக்கும் அது தேவைப்படும். வீடு முடியும் தறுவாயில் இருந்தால், பிரசவத்துக்கு முன் எப்படியாவது பால் காய்ச்சிவிட வேண்டும் என்று குடும்பம் அவசரப்படும். அந்த அவசரத்தில்தான் ஈரம் உலராத சுவரில் வண்ணம் ஏறுகிறது, மரவேலையின் நெடி தீரும் முன் குடி புகுகிறார்கள். நம் வழக்கமே இதற்கு நல்ல இடைவெளியைத் தருகிறது: வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்லும் பெண், குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆன பிறகே திரும்புகிறார். வண்ணம், வார்னிஷ், மரவேலை ஆகிய மூன்றையும் அந்த மாதங்களின் தொடக்கத்திலேயே முடித்து, தாயும் சேயும் வருவதற்கு முன் குறைந்தது ஐந்தாறு வாரங்கள் சன்னல்களைத் திறந்துவைத்து வீட்டை உலரவிடுங்கள். கிரகப்பிரவேச ஹோமத்தைக் கூடத்தில் வைக்காமல் முற்றத்திலோ வாசல் பந்தலிலோ வைக்கச் சொல்லுங்கள். மாடிப்படியின் கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லை என்பதையும், சம்ப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்த்த பிறகு மேஸ்திரிக்குக் கடைசித் தவணையைக் கொடுங்கள்.